எண்ணளவையும் இயற்கையும்

திருப்போரூர்க் கந்தசாமி கோயிலில் மாசிப் பெருவிழாவிற்குக் கொடியேறும் நாள், பல திங்கள் முன்னரே பஞ்சாங்கத்தைக் கொண்டு துணியப்படுகின்றது. அப்பஞ்சாங்கத்தைக் கணித்தவர் ஓர் அறையின்கண் இருந்து கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் சில எண்களைக் கண்டார். அவர் செய்தது அவ்வளவே. வானத்தை அவர் தொட்டாரல்லர், மதிக்கு ஆணையிட்டாருமல்லர். ஆயினும் ஏட்டில் எழுதிய நாளில், எழுதிய விண்மீனை மதி சென்று சேர்கின்றது. ஆண்டுதோறும் நிகழ்வதாதலின் நாம் இதனை வியவாதிருக்கின்றோம். அவ்வியவாமை பழக்கத்தால் வந்தது. விளக்கம் பெற்றமையால் வந்ததென்று கொள்ளற்க. உள்ளத்தின்கண் ஆக்கப்படும் எண், புறத்தே இயங்கும் பொருளோடு பொருந்துமாறு யாங்ஙனம் என்னும் வினா இன்றும் வினாவாகவே நிற்கின்றது.

அங்கேரி நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய யூஜின் விக்னர் என்னும் பௌதிக அறிஞர், 1960-ஆம் ஆண்டில் இதனையே பொருளாகக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். இயற்கையை விளக்குதற்குக் கணிதம் இத்துணைப் பயன்படுதற்குரிய காரணம் நமக்குப் புலப்படவில்லை என்பது அவர் கருத்து. சைவ நூற்பயிற்சி உடையார்க்கு இவ்வினா முற்றிலும் புதிதன்று. பிரமாணத்திற்குத் தமிழில் அளவை என்பது பெயர். நாழியினால் நெல்லை அளந்தறிதல் போல அறிவினாற் பொருளை அளந்தறிதலின் அப்பெயர் எய்திற்று. சிவஞான சித்தியார் சுபக்கத்தின் முகப்பில் அளவை வைக்கப்பட்டதன் காரணமும் இதனால் விளங்கும். அளக்குங் கருவியின் இயல்பு துணியாதவழி, அளக்கப்பட்ட பொருளின் இயல்பும் துணியப்படாது. எண்ணும் ஓர் அளக்குங் கருவியே. அதன் வலியும் எல்லையும் ஈண்டு ஒருசிறிது ஆராயப்படும்.

நம் நாட்டு வழக்கிலுள்ள கணக்கினை முதற்கண் எடுத்துக்கொள்வாம். வாக்கியப் பஞ்சாங்கம் என்பதன் பெயர்க்காரணத்தை அதனை நாளும் புரட்டுவோரிற் பலர் அறியார். மதி நிற்கும் இடத்தை நாள்முறையாற் கூறும் 248 வாக்கியங்கள் உள. வரருசி செய்தன என்று அவற்றைக் கூறுவர். கேட்குங்கால் ஒவ்வொன்றும் பொருள் பயக்குஞ் சிறு வடமொழித் தொடராகத் தோன்றும். கடபயாதி முறைப்படி எழுத்தை எண்ணாக மாற்றின், மதி கடந்த தூரம் இராசி, பாகை, கலையாகக் கிடைக்கும். முதல் நாளின் வாக்கியம் 12 பாகை 3 கலை தரும். இறுதி நாளின் வாக்கியம், முழுச்சுற்றுக்கள் போக, 27 பாகை 44 கலை தரும்.

248 என்னுந் தொகை வந்தவாறு என்னை? மதி ஒரே விரைவாகச் செல்வதன்று; ஒருகால் விரைந்தும் ஒருகால் தாழ்த்தும் செல்லும். மிகத் தாழ்ந்த நடையினின்று மீட்டும் அந்நடைக்கு வருதற்கு 27.5546 நாள் ஆகும். அங்ஙனம் ஒன்பது முறை நிகழ்தற்கு ஆகும் காலம் 247.99 நாள். ஒன்பது சுற்று ஏறக்குறைய முழுநாளில் முடிதலின், 248 நாட்கு ஒருமுறை எழுதிவைத்தால் மீளமீள அதனையே ஆளலாம். எஞ்சி நிற்கும் மிகச் சிறு பிழை திரண்டு பெரிதாகாமைப் பொருட்டு, 3031 நாளில் 110 சுற்று என்றும், 12372 நாளில் 449 சுற்று என்றும் வேறு பெருவட்டங்களையும் வைத்தனர். ஐயமுடையார் வகுத்துப் பார்க்க. இவ்வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் முறையைக் கூறும் வாக்கியகரணம் என்னும் நூல் ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டளவில் தமிழகத்தில் எழுந்தது. 1962-இல் அது சென்னையில் அச்சேறிற்று.

இம்முறை செய்த வேலையை அயல்நாட்டார் இருவர் கண்டு எழுதியுள்ளனர். பிரெஞ்சு வானநூலறிஞராகிய லெ ஜெந்தி என்பார், 1769-ஆம் ஆண்டில் வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்து, உரிய காலை முகில் மறைத்தமையால் காணப்பெறாதவர். அவர் பட்ட பாட்டினால் நமக்கு ஒரு நன்மை உண்டாயிற்று. காத்திருந்த காலத்தில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் நம் முறையைக் கேட்டறிந்தனர். முக்கால் மணி நேரத்திற்குள் அக்கணிதர் ஒரு கிரகணத்தைக் கணித்துக் காட்டினராம். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீட்சியைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துக் கூறிற்று. ஐரோப்பாவில் அக்காலத்துச் சிறந்தனவாக மதிக்கப்பட்ட மேயரின் வாய்பாடுகள் 68 விநாடி மிகுத்துக் கூறின.

மற்றையவர் ஜான் வாரன். 1825-இல் சென்னையில் வெளிவந்த காலசங்கலிதம் என்னும் தம் நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த கணிதர் ஒருவரை அவர் குறிக்கின்றார். தரையிற் சோழிகளைப் பரப்பி வைத்து, மனப்பாடமாகிய சொற்களைக் கொண்டு கிரகணம் கணித்த அவர், வானநூற் கொள்கை ஒன்றும் அறியாதவர். நினைவாற்றலே அவர் கைம்முதல். 1825 மே மாத இறுதி இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்திற்கு அவர் கூறிய நேரங்களில் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபாடு இருந்தது. ஆட்டோ நொய்கெபாவர் என்னும் வரலாற்றறிஞர் 1952-இல் இக்கணக்கினை விரிவாக ஆராய்ந்தனர். 248 நாள் வட்டம் பாபிலோனியரின் களிமண் ஏடுகளிலும் கிரேக்கரின் பாபிரசுச் சுவடிகளிலும் காணப்படுதல் ஈண்டு அறியற்பாலது. நாடும் மொழியும் சமயமும் வேறாயினும் எண் ஒன்றாயிற்று. மதி எல்லார்க்கும் ஒன்றே ஆகலின் அது வியப்பன்று எனின், ஆம், அதனையே யாமும் கூறவந்தோம்.

இனி ஒரு தடை. கொள்கை அறியாதவர் எண்ணை மட்டும் உருப்போட்டுக் கிரகணத்தை முன்னறிந்தாராயின், எண் பொருந்துதற்குப் பொருளின் உண்மை அறிதல் வேண்டா என்றாகும்; ஆகவே எண்ணின் பொருத்தம் உண்மைக்குச் சான்றாதல் எவ்வாறு? இத்தடை வலியுடையது. இதனைப் பலரும் விரைந்து தாண்டிவிடுகின்றனர். முன்னோர் பல நூற்றாண்டு வானைப் பார்த்தனர்; பார்த்ததை எண்ணாக்கினர்; அவ்வெண் பின்னும் பார்த்ததோடு ஒத்தது. காலை அளந்து தைத்த செருப்புக் காலுக்குப் பொருந்துதல் போல்வதே இது. அளவெடுத்தவன் திறமை பாராட்டத்தக்கது. ஆயின் செருப்பைக் கொண்டு காலின் எலும்பும் நரம்பும் இத்தன்மையன என்று கூறலாகாது. கால் வளர்ந்தால் செருப்புச் சேராது என்பதும் ஒன்று.

சேராமற்போன இடத்தையும் மறையாது காட்டுதல் கடன். 2020-ஆம் ஆண்டில் சனி மகர இராசியிற் புகுந்தது திருக்கணிதப்படி சனவரி 24. வாக்கியப்படி திசம்பர் 27. திருநள்ளாற்றில் வாக்கியத்தைத் தழுவியே பெயர்ச்சி விழா நடந்தது. இராசி தொடங்கும் இடத்தைக் கொள்வதில் இரு திறத்தார்க்கும் சிறு வேற்றுமை இருக்கலாம் என்று அமைதி கூறுவார் உளர். அவ்வமைதி செல்லாத ஓர் இரவை அவ்வாண்டே வானம் காட்டிற்று. திசம்பர் 21-ஆம் நாள் மாலை, மேற்கே குருவும் சனியும் ஆறு கலை இடைவெளியில், மதியின் வட்டத்தில் ஐந்தில் ஒரு கூறளவே விலகி, ஒருங்கு நின்றன. கண்ணுடையார் எல்லாரும் கண்டனர். வாக்கியப்படி குரு நவம்பர் 15-ஆம் நாளே மகரம் புக்கு, 36 நாள் நடந்து, அவ்விராசியில் ஆறு பாகைக்குக் குறையாது சென்றிருந்தது. சனியோ இன்னும் தனுசைக் கடக்கவில்லை. இராசியை எங்கே தொடங்கினும், இரு கோளுக்கும் இடைப்பட்ட தூரம் அதனால் மாறாது. ஏட்டில் ஆறு பாகைக்கு மேல். வானில் ஆறு கலை. எது அளவை, எது அளக்கப்படுவது என்பதை மறந்தால் வரும் இடர் இதுவே.

இதனைக் கூறுதல் முன்னோரை இகழ்தலாகாது. முன்னோரே இதனைக் கூறினர். கேரளத்துப் பரமேசுவரர் 55 ஆண்டு கிரகணங்களை நேரிற் கண்டு, பழைய எண்களைத் திருத்தி, 1431-இல் திருக்கணிதம் என்னும் நூலைச் செய்தனர். நீலகண்ட சோமயாசி தம் சோதிர்மீமாஞ்சையில், காட்சியோடு மாறுபட்ட கணக்கினைக் காலந்தோறும் திருத்துதலே நூன்மரபு என்று நாட்டினர். அந்நீலகண்டரோடு வினாவிடை நிகழ்த்திய சுந்தரராசர் என்பார் வாக்கியகரணத்திற்கே உரை வகுத்த தமிழ்நாட்டறிஞர். ஆகவே வாக்கியத்திற்கு உரைகண்டவர் காலத்திலேயே இவ்வினா இருந்தது, விடையும் இருந்தது. அவ்விடையை நாம் ஏலாது விட்டமைக்கு நூற்பற்றுக் காரணமன்று; திருத்தும் உழைப்பிற்கு அஞ்சியமையே காரணம் என்பது எம் கருத்து. விழா எந்நாளில் நிகழவேண்டும் என்பது மடங்களும் ஆலயங்களும் ஆகம வழக்கும் கூடித் துணியவேண்டுவது; அதனுள் யாம் புகவில்லை. கோள் எங்கே நிற்கின்றது என்பது மட்டும் எவர் துணிபிற்கும் உட்பட்டதன்று.

இதுகாறும் கூறியது அளவெடுத்துத் தைத்த பொருத்தம். விக்னர் வியந்தது இதனையன்று. இட்டதற்கு மேலாக எண் தருமிடமும் உண்டு. அதுவே வினாவின் உயிர்நிலை. முன் கூறிய குருவும் சனியுமே அதற்குச் சான்றாவன. பல நூற்றாண்டுக் காட்சிகளை ஒப்புநோக்கியபோது குரு விரைவதாகவும் சனி தாழ்வதாகவும் தோன்றிற்று. காரணம் தெரியாமல் ஐரோப்பியர் இடர்ப்பட்டனர். 1785-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாப்லாசு என்பார் நியூட்டனின் ஈர்ப்பு விதி ஒன்றையே கொண்டு கணித்து, இரு கோளும் ஒன்றையொன்று ஈர்த்தலால் ஏறத்தாழ 900 ஆண்டு வட்டமாக விரைதலும் தாழ்தலும் மாறிமாறி வரும் என்று காட்டினர். நியூட்டன் அவ்விதியை அமைத்தபோது இந்தத் தொள்ளாயிரம் அதனுள் இடப்படவில்லை. ஆயினும் அதனுள் இருந்தது. வாக்கியங்கட்கு இது கூடாது. எழுதிய 248-க்கு மேல் அவை ஒன்றும் அறியா.

இதனினும் நமக்கு அணித்தாகிய ஒன்றைக் கூறுவாம். திருப்போரூரிலிருந்து கிழக்கே கழியைக் கடந்தாற் கடல். 2004 திசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணிக்கு ஒரு நிமிடம் முன்னர்ச் சுமத்திராத் தீவின் அருகே கடற்றரை பெயர்ந்தது. ஒன்பது மணியளவில் நம் கரையைப் பேரலை தாக்கிற்று. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கற்பாக்கத்திலும் அன்று நிகழ்ந்தன இக்கரையார் அறிந்தனவே, விரித்தல் வேண்டா. இடைப்பட்டது இரண்டரை மணி. அவ்விடைப்போதில் அலை எவ்வளவு விரைந்து வந்ததென்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே லக்ராஞ்சு என்னும் கணிதர் எழுதிவைத்திருந்தனர். நீரின் ஆழத்தை மீட்டரில் அளந்து, அதனைப் புவியீர்ப்பின் அளவாகிய 9.8-ஆற் பெருக்கி, வந்ததன் வர்க்கமூலம் கண்டால், அலை ஒரு விநாடியிற் செல்லும் மீட்டர் கிடைக்கும். ஆழம் 4000 மீட்டராயின் விநாடிக்கு 198 மீட்டர், அஃதாவது மணிக்கு 713 கிலோமீட்டர். ஆழம் 10 மீட்டராயின் மணிக்கு 36 கிலோமீட்டருக்குச் சிறிது குறைவு. விரைவு குறையுந்தோறும் பின்வரும் நீர் முன்னதன்மேல் ஏறுதலால் அலை உயரும். நடுக்கடலில் ஓடம் உணராத ஏற்றம் கரையிற் சுவராகும்.

லக்ராஞ்சு இதனை ஆராய்ந்தது ஆழமில்லாத நீருக்கு. வாய்க்காலுக்கு வகுத்த விதி வங்கக் கடலுக்குப் பொருந்தியவாறு என்னை எனின், ஆழமென்பதும் ஆழமின்மை என்பதும் அலையின் நீளத்தை நோக்கிக் கூறப்படுவன. அன்று எழுந்த அலையின் முகட்டிற்கும் முகட்டிற்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதனை நோக்க நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடலும் கணுக்கால் அளவு நீரே. கடலை வாய்க்காலாகக் காண எவரும் அவ்விதிக்குக் கற்பிக்கவில்லை. அங்ஙனம் காண்டல் அதனுள்ளேயே கிடந்தது. அதனை அறிந்தோர் உலகில் அன்று பலர் இருந்தனர். இந்துமாக் கடலில் அதனைக் கரைக்குச் சொல்லுதற்குரிய ஏற்பாடே இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது 2007-இல். இரண்டரை மணி நேரம் எண்ணுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியாதிருந்தது.

(அவ்வலை மாமல்லபுரத்திற்கு வடபாலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துப் பாறைக் கல்வெட்டொன்றை வெளிப்படுத்தியதும், அதன் வழியே தொல்லியலார் அகழ்ந்து பழைய செங்கற்கட்டடத்தோடு கூடிய முருகன் கோயிலொன்றைக் கண்டதும் அன்பர் அறிந்ததே. பொருளொடு சேராததாயினும் முருகன் தலத்தை முகப்பில் வைத்துத் தொடங்கியமையால் ஈண்டுக் குறித்தேம்.)

காணப்படாத ஒன்றை எண் முதலிற் கண்டதும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் 19 அகவை இளைஞராய் இங்கிலாந்திற்குக் கப்பலிற் செல்லும்போது, ஒடுங்கிய விண்மீன் தன் நிறையைத் தாங்கி நிற்றற்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்தனர். ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கு அவ்வெல்லை; மிகுந்தால் அது மேலும் ஒடுங்கும். 1935-இல் எடிங்டன் என்னும் பேரறிஞர், இயற்கை இத்தகைய பொருந்தாச் செயலைச் செய்யவிடாது என்று அவையிலே மறுத்தனர். வானம் இளைஞர் பக்கம் நின்றது. 1983-இல் அவர்க்கு நோபெல் பரிசு வந்தது. இயற்கை இன்னவாறுதான் ஒழுகவேண்டும் என்னும் விருப்பம் அளவையாகாது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

இனிக் காரணம் ஆராய்வாம். கணிக்கத் தக்கவற்றையே கணிதர் தேர்ந்தெடுத்தமையால் இப்பொருத்தம் பெரிதாகத் தோன்றுகின்றது என்பர் ஒரு சாரார். இதில் உண்மை உண்டு. அப்பேரலையையே காண்க. அது வரும் நேரத்தை ஒரு வர்க்கமூலம் கூறிற்று. கரையில் உடைந்து சுழித்து நுரைத்துத் தெருவினுட் புகுந்த நீரின் இயக்கத்தை அவ்வாறு கூறவியலாது. நீரோட்டத்திற்குரிய சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுள. எந்நிலையிலும் அவற்றிற்கு முறிவில்லாத தீர்வு உண்டா என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே நிறுவனம் அதற்குப் பத்து இலக்கம் டாலர் பரிசு அறிவித்தது. அலையின் நேரம் எளிது, நுரை அரிது. எனினும் இக்காரணம் பாதியையே விளக்கும். தேர்ந்தெடுத்தவற்றிலேனும் ஏன் இட்டதற்கு மேலாகக் கிடைக்கவேண்டும் என்பதற்கு அது வாய் திறவாது.

தருக்கநூலார் கூறுவது வேறு. அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கினமையின் மடங்களிற் பாடங்கேட்டோர்க்கு இது தெரிந்ததே. குணங்கள் இருபத்துநான்கு, அவற்றுள் எண்ணும் ஒன்று. ஒருமை பொருளின்கண் உள்ளது. இருமை முதலாயினவோ, இது ஒன்று அது ஒன்று என்று எண்ணும் அபேட்சா புத்தியினால் தோன்றுவன. ஆதலின் எங்கும் அநித்தியமே. நுணுகி நோக்கின் இது மிகவும் வியக்கத்தக்க கொள்கை. எண் உள்ளத்தின் கற்பனை மட்டும் எனின் உலகோடு பொருந்தாது. பொருளிலேயே கிடப்பது மட்டும் எனின், எண்ணுவான் எண்ணாதபோதும் கல்லின் குவியலில் ஐந்தும் ஐயைந்தும் வெவ்வேறாய்க் கிடக்கவேண்டும். பொருளில் நின்று, உள்ளத்தால் எழுவது என்று அவர் இரண்டனையும் தழுவினர்.

ஆயின் எண்ணுவார் இல்லாதபோது? அப்பேரலை நடுக்கடலில் விரைந்தபோது அதன் ஆழத்தைப் பெருக்கி மூலங்கண்டவர் அங்கே எவர்? தருக்கநூலார் இவ்வினாவையும் விட்டாரல்லர். பத்தாம் நூற்றாண்டினராகிய உதயணர், நியாய குசுமாஞ்சலியில் இறைவனுண்மைக்குக் கூறிய ஏதுக்களுள் எண்ணும் ஒன்று. அணுக்கள் இரண்டு கூடிய துவியணுகத்தின் அளவு, அணுவின் அளவினால் வருவதன்று. அணுக்களின் இருமையினால் வருவது. இருமைக்கு அபேட்சா புத்தி வேண்டும். படைப்பின் தொடக்கத்தில் உடம்பொடு கூடிய உயிர் ஒன்றும் இன்று. ஆகவே எண்ணிய அறிவு இறைவனது என்பது அவர் துணிபு.

இதனை நாம் அவ்வாறே எடுத்துக்கொள்ளலாமா எனின், ஆகாது. பரமாணுக் காரணவாதத்தைச் சித்தாந்தம் மறுக்கின்றது. உலகிற்கு முதற்காரணம் மாயை. மறுத்த கொள்கையின்மேல் எழுந்த ஏதுவைத் தனக்கு வேண்டும்போது மட்டும் இரவல் கொள்ளுதல் நூன்முறையன்று. சித்தாந்தத்திற்கு உரிய விடை அதன் தத்துவத் தோற்றமுறையிலேயே உளது. பிரகிருதியினின்று குணமும், அதனின்று புத்தியும், புத்தியினின்று அகங்காரமும் தோன்றும். தைசத அகங்காரத்தினின்று மனமும் ஞானேந்திரியங்களும் எழும். பூதாதி அகங்காரத்தினின்று தன்மாத்திரைகளும், அவற்றினின்று பூதங்களும் எழும். காணுங் கண்ணும் காணப்படும் ஒளியும், எண்ணும் மனமும் எண்ணப்படும் நீரும் ஒரு வேரின் இரு கிளைகள். அயலான் ஒருவன் செய்த பூட்டிற்கு வேறொருவன் செய்த திறவுகோல் தற்செயலாகப் பொருந்தியவாறு யாதோ என்று மருளுதல், இரண்டும் ஒரு கொல்லனின் ஓர் இரும்பினால் ஆயினவென்று அறிந்தார்க்கு இல்லை.

அற்றேல் எல்லாக் கணக்கும் பொருந்துதல் வேண்டும். சனியின் கணக்குப் பிழைத்ததும், எடிங்டன் பிழைத்ததும் யாங்ஙனம் எனின், ஒரு வேரிற் பிறந்தமை பொருந்துதற்குரிய தகுதியைத் தருமேயன்றிப் பொருத்தத்தையே தந்துவிடாது. கருவிகள் உயிர்க்கு விளக்குப் போல்வன. ஆணவ இருளிற் பிடித்த விளக்கு, பட்ட இடத்தை மட்டும் காட்டும். ஆகலின் எண்ணிக் கண்டதைக் காட்சியில் வைத்துச் சோதித்தல் என்றும் வேண்டப்படுவதே. சித்தாந்தி பஞ்சாங்கத்தை வானோடு ஒத்துப்பார்த்தல் தன் சமயத்தோடு முரணுவதன்று. தன் அளவை நூலின் வழி நிற்றலே ஆகும்.

ஈண்டு ஒன்று எச்சரிக்க விரும்புகின்றோம். முப்பத்தாறு தத்துவங்களையும் இக்காலப் பௌதிகத்தின் துகள்களோடு ஒன்றுக்கொன்று இணைத்துக் காட்டும் எழுத்துக்கள் பெருகிவருகின்றன. நியதி தத்துவத்தை இயற்கை விதியென்றே கூறிவிடுவாரும் உளர். நியதி என்பது வினைப்பயனைச் செய்த உயிர்க்கே உரியதாக வரைந்து நிறுத்துவது. கோளின் நடைக்கும் அலையின் விரைவிற்கும் அது பெயரன்று. நாம் வழிபடும் சக்கரங்களின் கோடுகளிலும் இத்தகையோர் வானநூலைத் தேடுவர். திருப்போரூர்ச் சக்கரமும் அவர் கைக்குத் தப்பவில்லை. வழிபாட்டிற்கு உரியது வழிபாட்டினாற் பெருமையுடையது. கணிதத்தினிடம் அதற்குச் சான்று கேட்டல், அரசனுக்கு அயலூர்க் கணக்கனிடம் நற்சான்று வாங்குதல் போலும். அன்றியும், இன்றைய பௌதிகம் நாளை திருத்தப்படும். இன்று அதனோடு பிணைத்த தத்துவத்தை அன்று யாது செய்வது?

மேற்கூறிய விடையினாலும் தீராத இடம் ஒன்று உண்டு. கருவியும் பொருளும் ஒரு மாயையின் காரியமாதலின் பொருந்தும் என்றோம். மாயையின் காரியம் எல்லாம் தோன்றி நின்று ஒடுங்குவன; கருவிகளாற் சுட்டியறியப்படுவன அசத்தென்பது நம் துணிபு. அலை எழுந்து ஒடுங்கிற்று. அதன் விரைவும் அதனோடு ஒழிந்தது. ஆயின் ஆழத்திற்கும் விரைவிற்கும் உள்ள அவ்வியைபு, அலை எழுமுன்னும் இருந்தது, ஒடுங்கிய பின்னும் இருக்கின்றது. இன்று எழாத அலைக்கும் உரியது. அவ்வியைபைச் சுட்டியறியப்படுவது என்று அசத்தின்கண் வைப்பதா? நூலார் இருமையை அநித்தியம் என்றது போல இதனையும் என்றால், எதனோடு தோன்றி எதனோடு அழியும்? சத்தின்கண் வைப்பதாயின், பதி, பசு, மாயை என்பவற்றுள் எதன் இயல்பாக வைப்பது? சடமாகிய மாயையின் சத்தியாக வைக்கின், ஒடுக்கத்தில் அது மாயையிற் சூக்குமமாய்க் கிடக்கும் என்று சற்காரிய வாதத்தின்படி கூறலாம். அதுவே எமக்குத் தக்கதாகத் தோன்றுகின்றது. ஆயினும் இயைபு என்பது ஒரு பொருளா, பொருள்களிடையே அறிவு காண்பதா என்னும் தருக்கநூலார் வினா அங்கும் பின்தொடரும். சிவஞான மாபாடியத்தைப் பாடங்கேட்ட புலவர், இரண்டாஞ் சூத்திரத்தையும் ஆறாஞ் சூத்திரத்தையும் கொண்டு இதனை ஆராய்ந்து எழுதுவாராயின், யாம் துணிந்தது பிழையாயினும் திருத்திக்கொள்ள ஆயத்தமாயுள்ளேம்.